வெட்டியும் வேலையும்: இரண்டு மேற்கு ஆப்பிரிக்கப் போர்களின் உழைப்பு வரலாறு

1

லைபீரியாவைப் பற்றி இரண்டு எண்கள் உண்டு. 2003இல் அங்கே போர் ஓய்ந்த பிறகு அந்நாட்டைப் பற்றி எழுத வந்தவர்களில் பெரும்பாலோர் சொன்ன எண் 85. அதாவது நூற்றுக்கு எண்பத்தைந்து பேர் வேலையற்றவர்கள். நிதி கொடுப்பவர்கள், தொண்டு நிறுவனக்காரர்கள், பத்திரிகையாளர்கள் எல்லோரும் பல ஆண்டுகளுக்கு இதையே திருப்பித் திருப்பிச் சொன்னார்கள். 2010இல் அங்கே முறையான உழைப்பாளர் கணக்கெடுப்பு ஒன்று நடந்தது. அதில் வந்த வேலையின்மை விகிதம் 3.7.

ஏழே ஆண்டுகளில் ஊரெல்லாம் வேலை முளைத்துவிட்டதா என்ன? அப்படி ஒன்றும் நடக்கவில்லை. சர்வதேச வரையறைப்படி, வாரத்தில் ஒரு மணி நேரம் கூலிக்கோ லாபத்துக்கோ எதையாவது செய்திருந்தால் போதும், அவர் வேலையில் இருப்பவர். தெருமுனையில் நாலு பாக்கெட் தண்ணீர் விற்றவனும் வேலையில் இருப்பவன்தான். மாதச் சம்பளம் இல்லாத எவரையும் வேலையற்றவராகப் பார்க்கும் பார்வைதான் 85 என்ற எண்ணைப் பிழைக்க வைத்தது. அதே 2010 கணக்கெடுப்பு இன்னொன்றையும் சொன்னது: வேலையில் இருப்பவர்களில் நூற்றுக்கு எழுபத்தெட்டுப் பேர் எந்தப் பாதுகாப்பும் இல்லாத வேலைகளில் இருந்தார்கள். சொந்தமாக எதையாவது விற்றுப் பிழைப்பவர்கள், குடும்பத்துக்காகக் கூலியில்லாமல் உழைப்பவர்கள்.

இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு ஒரு வாக்கியம் கால் நூற்றாண்டாக ஆட்சி செய்துவருகிறது: 'இளைஞர்களின் வேலையின்மை சமாதானத்துக்கு அச்சுறுத்தல்.' ஐக்கிய நாடுகள் சபையின் மேற்கு ஆப்பிரிக்க அலுவலகம் 2005 டிசம்பரில் இதே பொருளில் அறிக்கை வெளியிட்டது. உலக வங்கியின் 2011ஆம் ஆண்டு வளர்ச்சி அறிக்கையும் இதை எடுத்துக்கொண்டது. அவற்றுக்கு முன்பே, 1994இல், ராபர்ட் கப்லான் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் எழுதிய கட்டுரை வாஷிங்டன் அதிகாரிகளின் மேசைகளில் எல்லாம் கிடந்தது. மேற்கு ஆப்பிரிக்க நகரங்களின் இளைஞர் கூட்டம் அவர் கண்ணுக்குக் கட்டவிழ்ந்த மூலக்கூறுகளாய், எப்போது வேண்டுமானாலும் பற்றிக்கொள்ளக் கூடியதாய்த் தெரிந்தது. மனிதர்கள் வேதிப்பொருளாகிவிட்டார்கள். அப்புறம் வரலாறு எதற்கு?

வேலை வேண்டாம் என்றோ வறுமைக்கும் போருக்கும் தொடர்பில்லை என்றோ நான் வாதாட வரவில்லை. 'வேலையில்லாத பையன், கையில் காசில்லை, எவனோ துப்பாக்கி நீட்டினான், வாங்கிக்கொண்டான்' என்ற கதையாடல் எதை மறைக்கிறது என்பதே கேள்வி. சியரா லியோனிலும் லைபீரியாவிலும் போருக்குப் போன இளைஞர்கள் வேலை செய்யாமல் இருந்தவர்கள் அல்லர். யாருக்காக, யாருடைய உத்தரவில், என்ன கூலிக்கு வேலை செய்தார்கள் என்று கேட்டால் வேறொரு வரலாறு கிடைக்கிறது.

2

நம் மொழியில் ஒரு சொல் இருக்கிறது: வெட்டி. சோழர் காலக் கல்வெட்டுகளில் திரும்பத் திரும்ப வரும் சொல். கூலியில்லாமல் செய்தாக வேண்டிய வேலை, ஊர் மேல் விழுந்த உழைப்புக் கடமை என்பது அதன் பொருள். இன்று 'வெட்டியா திரியுறான்' என்றால் வேலை இல்லாதவன். ஒரே சொல் கட்டாய உழைப்பையும் குறித்தது, உழைப்பின்மையையும் குறிக்கிறது. செய்பவனுக்கு ஒன்றும் மிஞ்சாத வேலை, பார்ப்பவன் கண்ணுக்கு வேலையாகவே படாமல் போய்விடுகிறது. மேற்கு ஆப்பிரிக்காவின் இந்த இரண்டு நாடுகளைப் புரிந்துகொள்ள இந்த ஒரு சொல் பல அறிக்கைகளைவிட அதிகம் உதவும்.

சியரா லியோனின் ஃப்ரீடவுன் விடுவிக்கப்பட்ட அடிமைகளுக்காக என்று உருவான குடியிருப்பு. 1787இல் தொடங்கியது, 1808இல் பிரிட்டிஷ் காலனி ஆனது. 1896இல் உள்நாட்டுப் பகுதி முழுவதையும் பிரிட்டன் தன் பாதுகாப்புப் பிரதேசமாக அறிவித்தது. உடனே வந்தது வீட்டு வரி. வரிக்குக் காசு வேண்டும். காசுக்கு உழைப்பை விற்க வேண்டும். 1898இல் இதை எதிர்த்து வடக்கே பாய் புரே தலைமையில் போர் மூண்டது. அது அடக்கப்பட்டது. வரியை வசூலிக்கும் பொறுப்பும், அதில் ஒரு பங்கும், குடிகளின் உழைப்பைக் கேட்டு வாங்கும் உரிமையும் ஊர்த் தலைவர்களுக்குப் போயின. 'பெருந்தலைவர்' என்று பிரிட்டன் பெயர் சூட்டிய இந்த அதிகாரம் ஆளும் குடும்பங்களுக்கு மட்டுமே உரியது, ஆயுள் முழுவதற்குமானது.

இதில் ஒரு கொடிய முரண் இருக்கிறது. விடுதலை நகரத்தைச் சுற்றியிருந்த அந்தப் பாதுகாப்புப் பிரதேசத்தில் அடிமை முறை சட்டப்படி நீடித்தது. ஓடிப்போன அடிமையைப் பிடித்து வர உரிமையாளருக்கு உரிமை உண்டு என்று 1927இல் பிரிட்டிஷ் நீதிமன்றம் ஒன்று தீர்ப்புச் சொன்னது. அது எழுப்பிய கூச்சலுக்குப் பிறகுதான் 1928 ஜனவரி 1 முதல் அடிமைமுறை ஒழிந்தது. ஒழிந்தது என்றால்? நிலம் இல்லாதவன், பெண் எடுக்க முடியாதவன், தலைவரின் வயலில் இறங்க வேண்டியவன் அப்படியே இருந்தான். அவனுக்கு 'அடிமை' என்ற பெயர் போய் 'இளைஞன்' என்ற பெயர் வந்தது என்று சொன்னால் மிகையாகாது.

பக்கத்து லைபீரியாவில் ஆண்டவர்கள் வெள்ளையர்கள் அல்லர். அமெரிக்காவிலிருந்து வந்து குடியேறிய கறுப்பின மக்கள் 1847இல் அமைத்த குடியரசு அது. 1926இல் ஃபயர்ஸ்டோன் நிறுவனத்துக்குப் பத்து லட்சம் ஏக்கர் வரை, ஏக்கருக்கு ஆறு சென்ட் வாடகையில், 99 ஆண்டுக் குத்தகை எழுதித் தந்தார்கள். ரப்பர் தோட்டத்துக்கு ஆள் பிடித்துத் தரும் தலைவர்களுக்குப் பணம் போயிற்று. இன்னொரு பக்கம், ஸ்பெயினின் பிடியிலிருந்த ஃபெர்னாண்டோ போ தீவின் கொக்கோத் தோட்டங்களுக்கு ஆட்களைப் படைவீரர்களைக் கொண்டு மடக்கிக் கப்பலேற்றினார்கள். சர்வதேச சங்கத்தின் ஆணையம் 1930இல் இதை உறுதி செய்தது. அதிபர் சார்லஸ் கிங்கும் துணை அதிபர் யான்சியும் பதவி விலக நேர்ந்தது. அடிமைகளின் வழிவந்தவர்களின் குடியரசு, ஆள்பிடித்த வழக்கில் தலைகுனிந்து நின்றது.

இந்த நாடுகளின் உட்பகுதியில் பிறந்த ஓர் ஏழைப் பையனுக்கு வேலை கிடைக்காத காலமே கிடையாது. வேலையிலிருந்து தப்பிப்பதுதான் அவனுக்குப் பிரச்சினையாக இருந்தது.

3

தப்பித்தவர்கள் எங்கே போனார்கள்? 1930இல் சியரா லியோனின் கோனோ பகுதியில் வைரம் கிடைத்தது. 1935இல் ஒரு பிரிட்டிஷ் கம்பெனிக்கு நாடு முழுவதற்குமான வைர உரிமை 99 ஆண்டுகளுக்குத் தரப்பட்டது. ஆனால் ஆற்று மணலில் கிடக்கும் வைரத்துக்கு வேலி போட முடியுமா? ஒரு மண்வெட்டியும் சல்லடையும் போதும். 1950களில் ஆயிரக்கணக்கான இளைஞர்கள் வயலை விட்டுக் கோனோவுக்கு ஓடினார்கள். 1955-56இல் வடக்கில் தலைவர்களின் வரிக்கும் கட்டாய உழைப்புக்கும் எதிராகக் கிளர்ச்சி வெடித்ததும் இதே காலத்தில்தான். விசாரித்த ஆணையம் தலைவர்களின் பகற்கொள்ளையைப் பக்கம் பக்கமாகப் பதிவு செய்தது.

வைரக்குழியில் விடுதலை கிடைத்ததா என்றால் அதுவும் இல்லை. அங்கே கூலி கிடையாது. 'ஆதரவாளர்' என்று ஒருவர் இருப்பார். உரிமம் எடுத்தவரோ வைர வியாபாரியோ. அவர் அரிசி போடுவார், கருவி தருவார். தோண்டுபவனுக்குச் சோறும், கிடைக்கும் கல்லில் ஒரு பங்கும். கல் கிடைக்காவிட்டால் கடன் மட்டும் மிஞ்சும். கல்லின் விலையைச் சொல்பவரும் அதே ஆதரவாளர்தான். நாள் முழுவதும் இடுப்பளவு தண்ணீரில் நிற்கும் இவனை 'வேலையற்ற இளைஞன்' என்று எந்த வாயால் சொல்வது?

1968இல் ஆட்சிக்கு வந்த சியாக்கா ஸ்டீவன்ஸ் சுரங்கத் தொழிலாளர் சங்கத்தைக் கட்டி வளர்ந்தவர். நம்மைப் போன்றவர்கள் யோசிக்க வேண்டிய இடம் இது. 1971இல் வைரக் கம்பெனியின் 51 சதவீதத்தை அரசுடைமையாக்கினார். 1978இல் ஒரு கட்சி ஆட்சியைக் கொண்டுவந்தார். வைரம் அரசின் கைக்கு வந்தபின் அரசுக் கணக்கிலிருந்து மறைந்தது. 1970இல் சுமார் 20 லட்சம் காரட்டாக இருந்த அதிகாரபூர்வ ஏற்றுமதி 1988இல் 48 ஆயிரம் காரட்டுக்கு வந்தது. மிச்சமெல்லாம் தலைவரின் ஆட்கள் வழியாகக் கள்ளச் சந்தைக்குப் போயிற்று. 70களின் நடுவில் இரயில் பாதையை மூடினார்கள். 80களின் கடைசியில் ஆசிரியர்களுக்கு மாதக்கணக்கில் சம்பளம் இல்லை. ஃப்ரீடவுனின் உதிரிப் பாட்டாளி இளைஞர்களுக்கும் ஆட்சி ஒரு வேலை வைத்திருந்தது: தேர்தல் காலத்தில் எதிர்க்கட்சிக்காரனை அடிப்பது. சியரா லியோன் வரலாற்றாசிரியர் இப்ராஹிம் அப்துல்லா புரட்சி பேசிய மாணவர்களும் இந்த உதிரிகளும் 70, 80களில் ஒன்றுகலந்த கதையை விரிவாக எழுதியிருக்கிறார். அவர் பார்வையில் ஐக்கியப் புரட்சி முன்னணி இந்த உதிரிப் பண்பாட்டின் குழந்தை. மானுடவியலாளர் பால் ரிச்சர்ட்ஸ் கிராமத்துக்குப் போகச் சொல்கிறார்: ஊர் நீதிமன்றத்தின் தண்டத் தொகை, தலைவருக்குச் செய்யும் உழைப்பு, பெரியவரின் மனைவிகளில் ஒருத்தியோடு பேசியதற்கே 'பெண் சேதம்' என்று விதிக்கும் அபராதம், அதைக் கட்ட முடியாமல் ஊரைவிட்டு ஓடுதல். இருவரும் சண்டை போட்டுக்கொண்டார்கள். எனக்கு இரண்டும் ஒரே பாதையின் இரண்டு முனைகளாகத்தான் தெரிகின்றன. கிராமத்திலிருந்து ஓடியவன் குழிக்கும், குழியிலிருந்து நகரத் தெருவுக்கும் வந்து சேர்ந்தான்.

1989 டிசம்பர் 24 அன்று சார்லஸ் டெய்லரின் ஆட்கள் லைபீரியாவின் நிம்பா பகுதிக்குள் நுழைந்தார்கள். 1991 மார்ச் 23 அன்று ஃபோடே சங்கோவின் புரட்சி முன்னணி லைபீரிய எல்லையிலிருந்து சியரா லியோனுக்குள் வந்தது. அதில் சேர்ந்தவர்கள் வேலை தேடிச் சேர்ந்தார்களா? போருக்குப் பின் 2003இல் மக்கார்ட்டன் ஹம்ஃப்ரீஸ், ஜெர்மி வெயின்ஸ்டீன் என்ற இரு ஆய்வாளர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட முன்னாள் போராளிகளிடம் கேட்டார்கள். புரட்சி முன்னணியைச் சேர்ந்தவர்களில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் தாங்கள் கடத்திச் செல்லப்பட்டதாகச் சொன்னார்கள். ஆள்பிடிப்பு! தலைவர்களை ஒழிக்கக் கிளம்பியதாகச் சொன்ன இயக்கம் தலைவர்களின் முறையையே கையில் எடுத்தது. சுமை தூக்க, சமைக்க, வைரம் தோண்ட, சுட ஆள் பிடித்தது. வெட்டி திரும்பி வந்தது, இம்முறை துப்பாக்கியோடு.

அரசுப் படையும் சளைத்ததல்ல. 1992இல் இளம் ராணுவ அதிகாரிகள் ஆட்சியைப் பிடித்த பிறகு தெருப் பையன்களை வாரிப் போட்டுப் படையைப் பெருக்கினார்கள். பகலில் சோல்ஜர், இரவில் ரெபெல். மக்கள் இரண்டையும் சேர்த்து 'சோபெல்' என்றார்கள். 1998 பிப்ரவரியில் நைஜீரியப் படை ஃப்ரீடவுனிலிருந்து துரத்தியபோது, பின்வாங்கிய ராணுவத்தினரும் புரட்சி முன்னணியினரும் நடத்திய கொள்ளைக்கு அவர்களே வைத்த பெயர் 'உன் சம்பளத்தை நீயே எடுத்துக்கொள் நடவடிக்கை'. இந்தப் பெயரைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். கொள்ளையடிப்பவன் தன்னைக் கூலி பாக்கி உள்ள தொழிலாளியாகக் கற்பனை செய்துகொள்கிறான். கூலி கொடுத்தவனிடமிருந்து அல்ல, தன்னைப் போலவே ஒன்றும் இல்லாத கிராமத்தானிடமிருந்து அதைப் பிடுங்குகிறான்.

இப்படிச் சொல்வது கைகளைத் துண்டித்தவர்களுக்கு வக்காலத்து வாங்குவதற்காக அல்ல. 1999 ஜனவரியில் ஃப்ரீடவுனில் நடந்ததை எந்த உழைப்பு வரலாறும் நியாயப்படுத்தாது. உதிரிகளின் கோபம் தானாகவே விடுதலை அரசியலாகிவிடும் என்று நம்பியவர்களுக்கு இந்தப் போர் ஒரு பாடம்.

4

2002 ஜனவரியில் சியரா லியோனில் போர் முடிந்ததாக அறிவித்தார்கள். 2003 ஆகஸ்டில் டெய்லர் நைஜீரியாவுக்குப் போனார், லைபீரியப் போரை முடிக்கும் ஒப்பந்தம் கையெழுத்தானது. சமாதானம் இளைஞர்களை எப்படி வரவேற்றது?

ஆயுதத்தைக் கொடு, பயிற்சியை வாங்கு. சியரா லியோனில் 72 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் பதிவானார்கள். லைபீரியாவில் ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர்; ஆனால் வந்து சேர்ந்த துப்பாக்கிகள் 28 ஆயிரம் அளவுதான். லைபீரியாவில் ஆளுக்கு இரண்டு தவணையாக 300 டாலர். துப்பாக்கி ரேஷன் கார்டாக மாறியது. 2003 டிசம்பரில் மன்ரோவியா அருகே முதல் முகாம் திறந்த சில நாட்களுக்குள் பணம் கேட்டுக் கலவரம் மூண்டு, நடவடிக்கையே அடுத்த ஏப்ரல் வரை நின்றுபோனது.

ரேஷன் கார்டு இல்லாதவர்கள் யார்? பெண்கள். சியரா லியோனில் பதிவான 72 ஆயிரத்தில் பெண்கள் ஐயாயிரத்துக்கும் குறைவு. விடுவிக்கப்பட்ட சுமார் 6,800 சிறார்களில் சிறுமிகள் ஐந்நூற்றுச் சொச்சம். காட்டில் சமைத்தவள், சுமை தூக்கியவள், கட்டாய 'மனைவி'யாக்கப்பட்டவள் போராளி இல்லையாம். அந்த உழைப்பு கணக்கில் வராத உழைப்பு. அந்தக் கட்டாயத் திருமணம் மனித குலத்துக்கு எதிரான குற்றம் என்று சிறப்பு நீதிமன்றத்தின் மேல்முறையீட்டு அமர்வு 2008இல் சொன்னது. அதற்குள் பயிற்சி முகாம்களை மூடிவிட்டிருந்தார்கள். 'அச்சுறுத்தல்' என்ற சொல்லாடலின் விலை இதுதான். யாரால் பயமோ அவனுக்கு ஏதோ கிடைக்கும். யாரால் பயமில்லையோ அவளுக்கு ஒன்றுமில்லை.

அவனுக்கும் கிடைத்தது என்ன? பெரும்பாலும் சில மாதத் தச்சு, தையல், சோப்புக் காய்ச்சும் பயிற்சி. ஒரே ஊரில் இத்தனை தச்சர்களுக்கு மர வேலை எங்கே இருக்கிறது? பயிற்சி பெற்றவர்கள் பெறாதவர்களைவிடச் சமூகத்தில் நன்றாகக் கலந்துவிட்டார்கள் என்பதற்குப் பெரிய சான்று இல்லை என்றுதான் ஹம்ஃப்ரீஸும் வெயின்ஸ்டீனும் எழுதினார்கள். அதே காலத்தில் சியரா லியோனின் பெருந்தலைவர்களை மீண்டும் ஊர்களில் அமர்த்துவதற்குப் பிரிட்டன் பணம் கொடுத்தது. தலைவர்களுக்கு வீடு கட்டித் தந்தார்கள். எந்த அதிகாரத்திடமிருந்து ஓடி வந்தார்களோ அந்த அதிகாரம் முதலில் வீடு திரும்பியது. மோசமான ஆட்சி, ஊழல், அடிப்படை உரிமைகளின் மறுப்பு, இவையே போருக்கு வழிவிட்டவை என்று அந்நாட்டு உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 2004இல் எழுதி வைத்தது. அறிக்கை அலமாரிக்குப் போக, 'வேலையின்மை' மட்டும் மேடைக்கு வந்தது. அரசியல் கேள்வியைத் தொழிற்பயிற்சிக் கேள்வியாக்கிவிட்டால் யாரும் பதவி இறங்க வேண்டியதில்லை.

லைபீரியாவில் முன்னாள் போராளிகள் தங்களுக்குத் தாங்களே ஒரு வேலைத் திட்டம் போட்டுக்கொண்டார்கள். கத்ரி என்ற பெரிய ரப்பர் தோட்டத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு 2006 ஆகஸ்ட் வரை பால் எடுத்து விற்றார்கள். அங்கும் தளபதி தளபதியாகவே இருந்தார், பையன் பையனாகவே இருந்தான். போர்க்காலக் கட்டளைச் சங்கிலி அப்படியே வேலைச் சங்கிலி ஆனது. தோண்டுவதும் பால் எடுப்பதும் சுடுவதும் ஒரே ஆட்களை ஒரே தலைவர் மாற்றி மாற்றி ஏவும் வேலைகளே என்று இரு நாட்டுப் போராளிகளோடும் பழகிய டேனி ஹாஃப்மன் காட்டியிருக்கிறார்.

நியாயமாக மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். வேலை தந்தால் பயனே இல்லை என்று சொல்லிவிட முடியாது. கிறிஸ்டோபர் பிளாட்மன், ஜீனி அன்னன் இருவரும் லைபீரியாவில் ஆபத்தானவர்கள் என்று கருதப்பட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களை ஆராய்ந்தார்கள். அவர்களில் ஒரு பகுதியினருக்கு விவசாயப் பயிற்சியும் விதை, கருவி போன்ற முதலீடும் கிடைத்தன. ஓராண்டுக்குப் பிறகு அவர்கள் சட்டவிரோதச் சுரங்க வேலையில் செலவிட்ட நேரம் குறைந்திருந்தது, அடியோடு நிற்கவில்லை. 2010-11இல் பக்கத்து ஐவரி கோஸ்டில் போர் மூண்டு, கூலிப்படைக்கு ஆள் சேர்க்க வந்தபோது, இவர்கள் மற்றவர்களைவிட ஒதுங்கி நின்றார்கள். அவர்களிலும் அதிகம் ஒதுங்கியவர்கள் முதலீட்டின் அடுத்த தவணை இனிமேல்தான் வர வேண்டியிருந்தவர்கள். இதை 'வேலை கொடுத்தால் அமைதி' என்று சுருக்குவார்கள். நான் வேறு மாதிரி வாசிக்கிறேன். தன் பேரில் ஏதோ வரவிருக்கிறது, நாளை என்று ஒன்று தனக்கும் உண்டு என்ற நிலையில் இருப்பவனை எந்தத் தலைவனாலும் எளிதில் கூட்டிப்போக முடியவில்லை.

5

அறிக்கைகள் திட்டமிடாத ஒன்றும் நடந்தது. போருக்குப் பின் சியரா லியோனின் போ, மக்கேனி, கெனேமா நகரங்களில் மோட்டார் சைக்கிள் வாடகை வண்டிகள் பெருகின. 'ஒகாடா' என்பார்கள். ஓட்டுபவர்களில் கணிசமானோர் முன்னாள் போராளிகள், எதிரெதிர் அணியில் நின்றவர்கள். ஒரே சங்கத்தில் சேர்ந்தார்கள். சந்தா கட்டினார்கள், நிர்வாகிகளைத் தேர்ந்தெடுத்தார்கள், போலீஸ் மாமூல் கேட்டுத் தொல்லை தந்தால் சங்கமாகப் போய் நின்றார்கள். இதுவும் சொர்க்கம் அல்ல. வண்டி பலருக்குச் சொந்தமில்லை. உரிமையாளருக்குத் தினமும் கட்டியது போகத்தான் கைக்கு வரும். ஆனாலும் ஊர்த் தலைவரும் தளபதியும் ஆதரவாளரும் இல்லாமல், தாங்களே விதி எழுதிக்கொண்ட வேலை அநேகமாக அவர்களில் பலருக்கு அதுதான் முதல்முறை. பயிற்சி முகாம் செய்ய முடியாததைச் சங்கம் செய்தது. அரசுகள் அதை எப்படிப் பார்த்தன? 2013 நவம்பரில் மன்ரோவியாவின் முக்கியச் சாலைகளில் மோட்டார் சைக்கிள் வாடகை வண்டிகளுக்குத் தடை வந்தது. வேலை இல்லாவிட்டால் அச்சுறுத்தல். வேலையைத் தானே உண்டாக்கிக்கொண்டால் போக்குவரத்து இடைஞ்சல்.

இன்னொரு காட்சி. 2014இல் எபோலா பரவியபோது பிணங்களைப் புதைக்கும் வேலையை ஏற்றவர்களில் பெரும்பாலோர் இளைஞர்கள்தான். ஊர் ஒதுக்கியது, வீட்டுக்குள் விடவில்லை. நவம்பரில் கெனேமாவில் ஆபத்துப்படி வராததால் அவர்கள் வேலைநிறுத்தம் செய்து, பிணங்களை மருத்துவமனை வாசலில் போட்டார்கள். உலகம் அருவருத்தது. அருவருக்கத்தக்கதுதான். ஆனால் அன்று அமைதியைக் குலைத்தது வேலையின்மை அல்ல, நாட்டிலேயே பயங்கரமான வேலையைச் செய்தவனுக்குச் சேராத கூலி.

2022 ஆகஸ்ட் 10 அன்று விலைவாசியை எதிர்த்து ஃப்ரீடவுனிலும் வடக்கிலும் தெருவுக்கு வந்தவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். போலீசாரும் ஆறு பேர் இறந்தார்கள். 2023 நவம்பரில் படை முகாம் தாக்கப்பட்டது, சிறை உடைபட்டது. 2024 ஏப்ரலில் குஷ் என்ற போதைப் பொருளால் இளைஞர்கள் சாவதை அதிபர் மாடா பயோ தேசிய அவசரநிலையாக அறிவித்தார். 1992இல் ஆட்சியைப் பிடித்த இளம் அதிகாரிகளில் அவரும் ஒருவர். ஒவ்வொரு முறையும் பழைய வாக்கியம் தூசி தட்டி எடுக்கப்படுகிறது: வேலையில்லாத இளைஞர்கள், அச்சுறுத்தல்.

சியரா லியோனின் 2003ஆம் ஆண்டு இளைஞர் கொள்கை 15 முதல் 35 வயது வரை இளைஞர் என்கிறது. ஊர் வழக்கில் வயது கணக்கில்லை. கல்யாணம் பண்ண முடியாதவன், சொந்த வீடில்லாதவன், கூட்டத்தில் பேச உரிமையில்லாதவன் நாற்பதைத் தாண்டியும் இளைஞன்தான். அவனுக்கு வேலை வேண்டும் என்பதில் யாருக்கும் மாறுபாடில்லை. எந்த வேலை, யார் சொல்லுக்கு, விலகிப்போகும் உரிமை உண்டா, நிலத்தில் பங்கு உண்டா, சங்கம் வைக்கலாமா? இந்தக் கேள்விகளைக் கேட்காமல் கொடுக்கப்படும் வேலை, பழைய வெட்டிதான். அந்த வெட்டியிலிருந்து தப்பிக்கத்தான் அந்த மக்கள் நூறாண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கிறார்கள்.